இலை எந்த டப்பாவில்? ஓர் அரிச்சுவடிப் படப்புத்தகம் உருவான விதம்

சாயல்குடிக்கும் வாலிநோக்கத்துக்கும் நடுவில் ஓர் ஊர். ஒரு பக்கம் பனங்காடு, இன்னொரு பக்கம் உப்பளம், அதைத் தாண்டினால் கடல். ஊர்க்கோடியில் ஒரே அறையில் நடக்கும் அங்கன்வாடி. 2022 ஜூன் மாதம் அங்கே ஒரு காலைப்பொழுதைக் கழித்தேன். குழந்தைகளுக்குப் படம் வரைவது என் தொழில். பழைய சுவர்ப்படம் கிழிந்துவிட்டது, புதிதாக ஒன்று வரைந்து தர முடியுமா என்று அங்கே வேலை பார்க்கும் அக்கா கேட்டிருந்தார். அளவெடுத்துக்கொண்டு மதியம் கிளம்பிவிடலாம் என்றுதான் போனேன்.

அக்கா அன்றைக்கு ஒரு விளையாட்டு நடத்திக்கொண்டிருந்தார். பன்னிரண்டு பிஸ்கட் டப்பா, ஒவ்வொன்றிலும் ஓர் உயிரெழுத்து ஒட்டியிருக்கும். கிழிந்த சுவர்ப்படத்திலிருந்து வெட்டிய படங்களைக் குழந்தைகள் ஒவ்வொன்றாக எடுத்து, பெயர் சொல்லி, அதற்குரிய டப்பாவில் போட வேண்டும். நாலரை வயதுச் சிறுமி ஒருத்தி இலைப் படத்தை எடுத்தாள். "எல" என்று சத்தமாகச் சொன்னாள். ஒரு நொடிகூட யோசிக்காமல் எ டப்பாவில் போட்டாள்.

"இது இலைடா, இனா டப்பாவுல போடணும்" என்றார் அக்கா. அவள் படத்தைத் திரும்ப எடுத்தாள், உற்றுப் பார்த்தாள், "எல" என்று மறுபடி சொன்னாள், மறுபடியும் எ டப்பாவிலேயே போட்டாள். அடுத்து வந்த படம் உரல். யாருக்கும் தெரியவில்லை. ஒரு பையன் "டிரம்மு" என்றான். மூலையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஆயா, "அது ஒரலுப்பா" என்று எடுத்துக் கொடுக்க, உரல் நேராக ஒ டப்பாவுக்குப் போனது.

அக்காவுக்குச் சங்கடமாகிவிட்டது. எனக்கோ அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும்போல் இருந்தது. அந்தச் சிறுமியின் காதில் ஒரு பிழையும் இல்லை. பேச்சுத் தமிழில், சொல்லின் தொடக்கத்தில் இருக்கும் இகரமும் உகரமும், அடுத்து ஒற்றை மெய்யும் அதன்மேல் அகரமோ ஐகாரமோ வந்தால், எகரமாகவும் ஒகரமாகவும் மாறிவிடும். இடம் எடமாகும், உடம்பு ஒடம்பாகும், உலகம் ஒலகமாகும், இலை எலயாகும். படித்தவர், படிக்காதவர் எல்லாரும் வீட்டில் இப்படித்தான் பேசுகிறோம். நமக்கு எழுத்து முன்னமே தெரிந்திருப்பதால் "எல" என்று வாய் சொல்லும்போதே மனம் "இலை" என்று திருத்திக்கொள்கிறது. எழுத்தே தெரியாத குழந்தைக்குத் திருத்திக்கொள்ள என்ன இருக்கிறது? கேட்டது கேட்டபடிதான் போடும். இனா என்னும் எழுத்தை அறிமுகப்படுத்த, இ என்ற ஒலியே இல்லாத ஒரு சொல்லை நாம் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

சுவர்ப்படம் வரையும் வேலை அன்றைக்கே கைவிடப்பட்டது. புத்தகம் செய்யலாம் என்று முடிவானது. அது அச்சாகி வர ஒன்றேகால் வருடம் ஆயிற்று. அந்தப் புத்தகத்தில் எடுத்த முடிவுகளையும், ஏன் அப்படி எடுத்தோம் என்பதையும், எங்கே தோற்றோம் என்பதையும் இங்கே எழுதுகிறேன். இதுபோல ஒன்றைச் செய்ய நினைக்கும் ஆசிரியருக்கோ பெற்றோருக்கோ ஓவியருக்கோ பயன்பட்டால் சரி.

முதல் இரண்டு மாதம் நான் ஒரு கோடுகூடப் போடவில்லை. வாரம் இரண்டு நாள் போவேன், குழந்தைகள் பேசுவதைக் கேட்டு எழுதிக்கொள்வேன், சோறு ஊட்டும்போது உடனிருப்பேன், திரும்பிவிடுவேன். அக்காவும் ஒரு நோட்டு வைத்துக்கொண்டார். எங்களுக்கு வேண்டியிருந்தது மூன்று. குழந்தை தினமும் பார்க்கிற பொருளாக இருக்க வேண்டும். அதன் பெயர் குழந்தையின் வாயிலிருந்து வரும்போது நமக்கு வேண்டிய ஒலி காதில் விழ வேண்டும். படத்தைக் காட்டினால் வேறொரு பெயர் வரக் கூடாது. முதலாவது எளிது. இரண்டாவதும் மூன்றாவதும் எங்களைப் பாடாய்ப் படுத்தின.

இ என்ற எழுத்துக்கு இறால் என்று எழுதி வைத்திருந்தேன். கடற்கரை ஊர், வலையில் தினமும் வருவது, வரையவும் அழகு. அக்கா ஒரே வார்த்தையில் அடித்துவிட்டார்: "எறா." இஞ்சி ஒலிக்குச் சரி, ஆனால் வரைந்தால் கிழங்கு என்கிறார்கள். கடைசியில் இட்லிதான் நின்றது. இகரத்துக்கு அடுத்து இரண்டு மெய் சேர்ந்து வருவதால் அந்த ஒலி எங்கும் நழுவுவதில்லை, எந்த வீட்டிலும் இட்லி இட்லிதான். படத்தில் அந்த இட்லியை ஒரு வாழை இலைமேல் வைத்தேன். இலைக்குப் பெயர் போடவில்லை. குழந்தைக்கு இனா நன்றாகப் பதிந்த பிறகு, "நாம எலன்னு சொல்றோம்ல, எழுதுறப்ப இதே எழுத்தைத்தான் போடுவோம்" என்று பெரியவர்கள் இலையைத் தொட்டுக் காட்டலாம். பேச்சிலிருந்து எழுத்துக்குப் போகும் பாலம் அந்தப் பக்கத்திலேயே சத்தமில்லாமல் கிடக்கட்டும் என்று நினைத்தோம்.

உ என்ற எழுத்துக்கு உப்பு. இந்த ஊரில் வேறென்ன வரும்? ஆனால் வெள்ளைத் தாளில் வெள்ளைக் குவியலை எப்படி வரைவது? முதல் படத்தைப் பார்த்து "மணலு" என்றார்கள். நீல நிறத்தில் நிழல் போட்டேன், "சோறு" என்றார்கள். மூன்றாவது முறை குவியலைச் சின்னதாக்கிப் பின்னால் தள்ளிவிட்டு, பாத்தியில் முழங்கால் வரை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தலையில் துண்டு கட்டி, நீளக் கம்பு மாட்டிய பலகையால் உப்பை இழுக்கும் ஒரு பெண்ணை முன்னால் வரைந்தேன். தாளை விரித்ததும் மூன்று குரல் ஒன்றாக வந்தது. இரண்டு "உப்பு". ஒன்று "எங்கம்மா".

அந்த "எங்கம்மா"தான் எங்களை முதல் பக்கத்துக்குத் திருப்பிக் கொண்டுபோனது. அ என்றால் அம்மா என்பதில் மாற்றக் கூடாத ஏதோ ஒன்று இருப்பதாக நானும் நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் சுவர்ப்படத்து அம்மாவைக் காட்டி யாரென்று கேட்டால் "அக்கா", "டீச்சரு", "கல்யாணப் பொண்ணு" என்றெல்லாம் பதில் வரும். யாரோ ஒரு பெண்ணின் படம் எந்தக் குழந்தைக்கும் அம்மா ஆகாது. இன்னொரு விஷயமும் இருந்தது. அந்த அறையில் ஒரு சிறுவனின் அம்மாவும் அப்பாவும் திருப்பூரில் வேலை பார்க்கிறார்கள், அவன் அம்மாச்சியோடு இருக்கிறான். அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் அவன் வேறெங்கோ பார்ப்பதை அக்கா கவனித்து வைத்திருந்தார். "முதல் பக்கத்துலயே அவனுக்கு இல்லாததக் காட்டணுமா?" என்று கேட்டார்.

அதற்கு விடையைத் தமிழே கையில் வைத்திருக்கிறது. அம்மா, அப்பா, அண்ணன், அக்கா, அத்தை, அப்பத்தா, அம்மாச்சி. நம் உறவுப் பெயர்களில் பாதி அகரத்தில்தானே தொடங்குகின்றன! அதனால் முதல் பக்கத்தில் ஒரு திண்ணையை வரைந்தேன். ஏழு பேர் உட்கார்ந்தும் நின்றும் இருக்கிறார்கள். யாருக்கும் பெயர் போடவில்லை, மேலே பெரிதாக ஒரு அ மட்டும். குழந்தை தன் வீட்டில் இருப்பவரைத் தேடித் தொட்டுக் கூப்பிடும், யாரைக் கூப்பிட்டாலும் முதல் ஒலி அதுதான். திருப்பூர்க்காரர்களின் பிள்ளை நேராக வெற்றிலை இடிக்கும் கிழவியின்மேல் விரலை வைத்து "அம்மாச்சி" என்றான். இந்த ஒரு பக்கத்துக்காகவே புத்தகம் போட்டது தகும் என்று எனக்குத் தோன்றும்.

ஐ இன்னும் சிக்கல். சுவர்ப்படத்தில் ஐவர், வேட்டி கட்டிய ஐந்து ஆண்கள் வரிசையாக நிற்பார்கள். குழந்தைகள் எண்ணிப் பார்த்து "அஞ்சு மாமா" என்றார்கள். ஐந்து என்பதே பேச்சில் அஞ்சு ஆகிவிடுகிறது, ஐவர் எங்கிருந்து வருவார்கள்? ஐஸ் போடலாமா என்று ஒரு வாரம் விவாதம் நடந்தது. எனக்கு மனசு ஒப்பவில்லை, அக்காவுக்குத் தடையில்லை. ஒருநாள் பதினொரு மணிக்கு ஐஸ் வண்டியின் மணி கேட்டது. அறையில் இருந்த அத்தனை பேரும் துள்ளி எழுந்து, "ஐ! ஐஸு!" என்று கத்தினார்கள். அந்த முதல் "ஐ!" என் காதில் தனியாக விழுந்தது. மகிழ்ச்சி வந்தால் தமிழ்க் குழந்தையின் வாயில் தானாக வரும் ஒலி. அதற்கு அகராதி வேண்டாம், விளக்கம் வேண்டாம்.

1658-இல் நூரம்பெர்க்கில் கொமேனியஸ் என்ற கல்வியாளர் வெளியிட்ட படப்புத்தகம் ஒன்று உண்டு. ஐரோப்பாவில் குழந்தைகளுக்கென்றே வந்த படப்புத்தகங்களின் முன்னோடி என்று அதைச் சொல்வார்கள். அதன் தொடக்கத்தில் உள்ள எழுத்து வரிசையில் காகம் கரையும் ஒலியும் ஆட்டுக்குட்டி கத்தும் ஒலியும்தான் எழுத்துகளுக்கு அடையாளம். பொருளின் பெயரைத் தேடாமல், அது எழுப்பும் ஒலியையே எழுத்தோடு கட்டிவிட்டார். இதைப் படித்திருந்தும் நம் மொழியில் செய்து பார்க்கலாம் என்று எனக்கு அதுவரை தோன்றவில்லை. ஐ பக்கத்தில் வாசற்படியில் நிற்கும் சிறுமி, கை இரண்டும் மேலே, கண் விரிந்திருக்கிறது. அவள் எதைப் பார்க்கிறாள் என்பது படத்தில் இல்லை, தாளுக்கு வெளியே இருக்கிறது. "என்னத்தப் பாத்தா?" என்று கேட்டால் ஒருத்தன் ஐஸ் என்பான், ஒருத்தி மழை என்பாள். அந்த அம்மாச்சிப் பையன் ஒருநாள் "அப்பா வந்துட்டாரு" என்றான்.

அந்தக் கதவு திறந்ததும் ஆ என்ற எழுத்தும் மாறியது. ஆடு நல்ல சொல்தான், குறையே இல்லை. ஆனால் சோறு ஊட்டும்போது "ஆ காட்டு" என்கிறோமே, குழந்தை வாயைத் திறந்து காட்டும் ஒலியே ஆ தானே? வாய் திறந்த முகம், எதிரே ஒரு கவளத்தோடு ஒரு கை, வரம்போரத்தில் ஆடு ஒன்று தானும் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. ஈ, ஊஞ்சல், எறும்பு, ஏணி, ஒட்டடை, ஓலை ஆகியவை எந்தத் தொல்லையும் தரவில்லை. ஒட்டடைக்கு மாதிரி அந்த அறையின் மூலையிலேயே இருந்தது, நான் வரைந்து முடிக்கும்வரை அடிக்க வேண்டாம் என்று ஆயாவிடம் கேட்டுக்கொண்டேன்.

ஔ என்றதும் ஔவையார். கோல் ஊன்றிய கிழவியைக் காட்டினால் எல்லாரும் "அப்பத்தா" என்றுதான் சொல்கிறார்கள். அதில் என்ன தவறு? வேறு சொல் தேடினால் ஔடதம் கிடைக்கிறது, அதை நானே பேச்சில் சொன்னதில்லை. அதனால் இந்தப் படத்துக்கு ஒரு கதை கொடுத்தோம். முதல் பக்கத் திண்ணைக்குப் பின்னால் ஒரு கிழவி கோலோடு தெருவில் நடந்து போகிறாள், சின்னதாக, சுண்டுவிரல் அளவு. இட்லிப் பக்கத்தில் இலையின் ஓரத்தில் நடக்கிறாள். ஊஞ்சல் கட்டிய மரத்தடியில் இளைப்பாறுகிறாள். "யாரு இந்தப் பாட்டி?" என்று குழந்தை கேட்கும். "ஔவைப் பாட்டி" என்று சொன்னால் போதும். பதினோரு பக்கம் அவளைத் தேடிக்கொண்டே வந்தவர்களுக்கு, பன்னிரண்டாவது பக்கத்தில் அவள் முழு உருவமாக நிற்கும்போது பெயர் தெரிந்திருக்கிறது. கண்டுபிடித்த மகிழ்ச்சியில் அறையே அதிரும்.

உயிரெழுத்து முடிந்தது. மெய்யெழுத்துக்கு வந்தபோது இரண்டு மாதம் அப்படியே நின்றுபோனோம்.

தமிழில் ஒரு குழந்தைக்கு எழுத்துப் புத்தகம் செய்வது ஏன் கடினம் என்றால், நம் எழுத்துகளில் பாதிக்கு மேல் சொல்லின் முதலில் வருவதே இல்லை. மொத்தம் 247 எழுத்து. அவற்றில் மொழிமுதலில் வருபவை நன்னூல் கணக்கில் 103, தொல்காப்பியத்தின் கணக்கில் அதைவிடவும் குறைவு. புள்ளி வைத்த மெய் எதுவும் முதலில் வராது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்ற எட்டும் உயிர் ஏறினாலும் தமிழ்ச்சொல்லின் முதலில் வருவதில்லை. டம்ளர், ரயில், லாரி போன்றவை பிற மொழிகளிலிருந்து வந்தவை, அவற்றை வைத்து மூன்று எழுத்தைச் சமாளிக்கலாம், மற்ற ஐந்துக்கு அதுவும் கிடையாது. அப்புறம் "இன்ன எழுத்துக்கு இன்ன சொல்" என்று முதலெழுத்தை வைத்தே புத்தகம் செய்தால் எப்படிச் செய்வது? பல புத்தகங்கள் உயிரெழுத்தோடு நின்றுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும்.

வழி காட்டியவள் அந்தக் கோல் ஊன்றிய கிழவிதான். ஐப்பசி மழையில் ஒரு நாள் மாலை, பெற்றோர் வந்து அழைத்துப்போகும் வரை குழந்தைகளைக் கட்டிப்போட அக்கா ஆத்திசூடி சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு முழுவதும் மனப்பாடம். "ஙப்போல் வளை, சனி நீராடு, ஞயம்பட உரை, இடம்பட வீடு எடேல்..." என்று போய்க்கொண்டிருந்தவரை நிறுத்தி, ஞகரத்துக்குப் பிறகு டகரம் அல்லவா வர வேண்டும், இகரம் எப்படி வந்தது என்று கேட்டேன். இரண்டு பேரும் ஒரு நிமிடம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அப்புறம் அவரே விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். இடம்பட, இரண்டாவது எழுத்து ட. இணக்கம் அறிந்து இணங்கு, ண. அரவம் ஆட்டேல், ர. இலவம் பஞ்சில் துயில், ல. அழகு அலாதன, ழ. இளமையில் கல், ள. அறனை மறவேல், ற. அனந்தல் ஆடேல், ன. முதலில் வர முடியாத எழுத்தையெல்லாம் ஔவை இரண்டாம் இடத்தில் உட்கார வைத்திருக்கிறாள்! அஃகம் சுருக்கேல் என்பதில் ஆய்தமும் அப்படித்தான். சொல்லே கிடைக்காத ங-வுக்கு அந்த எழுத்தின் பெயரையே உவமையாக்கி, "ஙப்போல் வளை" என்றுவிட்டாள்.

பள்ளியில் நானும்தான் இதை ஒப்பித்தேன். நீதி சொல்லும் நூல் என்று மட்டும் எண்ணியிருந்தேன். நீதியோடு சேர்த்து அது ஓர் அரிச்சுவடியும்கூட. முதலெழுத்து என்ற பிடிவாதத்தை 12-ஆம் நூற்றாண்டளவிலேயே ஒருத்தி விட்டொழித்திருக்கிறாள், நாம்தான் வேறெங்கோ பார்த்துப் புத்தகம் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

சரி, மெய்யெழுத்தைச் சொல்லின் உள்ளே வைக்கலாம். உள்ளே என்றால் எங்கே? கடைசியில் வைப்பது வழக்கம்: கண், நாய், பல், தேள், மீன். அக்காவின் நோட்டு இதையும் தடுத்தது. குழந்தைகள் சொல்வது கண்ணு, நாயி, பல்லு, தேளு, மீனு. கடைசி மெய்யின்மேல் ஓர் உயிர் ஏறிக்கொள்கிறது, புள்ளி காணாமல் போகிறது. நடுவில் வரும் மெய்க்கு அந்த ஆபத்து இல்லை. அடுத்த எழுத்து அதைப் பிடித்துக்கொள்ளும். கொக்கு, சங்கு, பூச்சி, பஞ்சு, தட்டு, வண்டி, கத்தி, பந்து, செருப்பு, கொய்யா, பல்லி, வவ்வால், முள்ளங்கி, தென்னை. இவற்றைக் கைதட்டிச் சொல்லிப் பார்த்தால் தெரியும்: கொக்... கு. பல்... லி. முதல் தட்டு முடிகிற இடத்தில் வாய் எங்கே நிற்கிறதோ அதுதான் புள்ளி எழுத்து. நாலு வயதுக் குழந்தை இதை இரண்டாம் நாளே பிடித்துக்கொண்டது. ம் என்ற எழுத்துக்கு நடுவில் போகவில்லை. அப்பத்தா கதை சொல்கிறாள், மடியில் படுத்திருக்கும் பிள்ளை "ம்... ம்..." என்று உம் கொட்டுகிறது. வேறு படம் தேவைப்படவில்லை.

சங்குப் பக்கத்தைக் கொஞ்சம் விரிவாகவே வரைந்தேன். மன்னார் வளைகுடாவில் சங்கு குளிப்பது நெடுங்காலத் தொழில். அந்தப் பிள்ளைகளில் இரண்டு மூன்று பேருக்குத் தாத்தாக்கள் அந்த வேலை பார்த்தவர்கள். சங்கின் வாய் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று ஒரு தாத்தா வந்து திருத்திவிட்டுப் போனார். நான் வலம்புரியாக வரைந்து வைத்திருந்தேன். "இப்படிச் சங்கு கெடச்சா நான் ஏன் இங்க இருக்கேன்" என்றார். அவ்வளவு அரியது அது.

புள்ளியைக் குழந்தை தேட வேண்டும், தொட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஒவ்வொரு மெய்யின் தலையிலும் ஒரு குன்றிமணியை வைக்கலாம், சிவப்பும் கறுப்புமாகக் கண்ணைப் பறிக்கும், கையால் செய்யும் முதல் பிரதியில் உண்மையான மணியையே ஒட்டிவிடலாம் என்றேன். அக்கா பதறிவிட்டார். குன்றிமணி விதை நஞ்சு. எதையும் வாயில் போட்டுப் பார்க்கும் வயதுப் பிள்ளைகள் கையில் அதைக் கொடுப்பதா? எனக்கும் தெரிந்த செய்திதான், ஆசையில் மறந்துபோயிருந்தேன். மணியை வரைந்ததோடு சரி. ஓலைச்சுவடிக் காலத்தில் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள், எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும் என்பதால். படிக்கிறவர்தான் இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். பனங்காட்டு ஊரில் உட்கார்ந்து புள்ளிக்கு இவ்வளவு அலங்காரம் செய்யும்போது அதை நினைத்துக்கொண்டேன்.

எழுத்துகளைக் கணினி எழுத்துருவில் போட எனக்கு விருப்பமில்லை. பல எழுத்துருக்களில் ஔ என்பதும் ஒள என்பதும் பார்வைக்கு ஒன்றேபோல் இருக்கின்றன, குழந்தை அதை இரண்டு எழுத்தாகப் படித்துவிடும். பக்கத்து ஊரில் கடைகளுக்குப் போர்டு எழுதும் பெரியவர் ஒருவரைப் பிடித்தோம். பெயிண்டும் தட்டைத் தூரிகையும் கொண்டுவந்து, அங்கன்வாடித் திண்ணையிலேயே 31 எழுத்தையும் எழுதிக் கொடுத்தார். குழந்தைகள் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். ட-வுக்கு மேலிருந்து இறங்கி வலது பக்கம் ஒரு திருப்பு, அவ்வளவுதான். ஒரு பையன் உடனே விரலால் தரையில் போட்டுக் காட்டினான். ஔ எழுதும்போது வலப்பக்கத்து ளகரத்தைச் சின்னதாக்கி ஒகரத்தின் தோளில் சாய்த்து எழுதினார், ஒரே எழுத்து என்று யாருக்கும் தெரியும். சொற்களையும் அவரே எழுதினார். தென்னையில் மட்டும் கை பழக்கத்தில் பழைய னை-யைப் போட்டுவிட்டார், துதிக்கை தூக்கிய யானைபோல. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் பள்ளிக்குப் போனவர். அதை மாற்றி எழுதச் சொன்னோம். பழைய தாளைத் தூக்கிப்போட மனம் வரவில்லை, என் மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஆய்தத்துக்கு எஃகு என்று போடுவது வழக்கம். எஃகு என்ற சொல்லை அங்கே யாரும் சொல்வதில்லை, எவர்சில்வர் என்கிறார்கள். ஃபேன் போடலாம் என்றால், அதில் ஃ தன் ஒலியைத் தருவதில்லை, பக்கத்துப் பகரத்தை மாற்றத்தான் நிற்கிறது. பழைய உரைகாரர்கள் அக்கன்னாவின் மூன்று புள்ளியை அடுப்புக்கூட்டு என்றார்கள். அதையே எடுத்துக்கொண்டோம். மூன்று கல், மேலே பானை, உள்ளே நுரைத்துக் கொதிக்கும் பதநீர். வடிவத்தை மட்டும் சொல்லும் பக்கம் அது ஒன்றுதான்.

31 எழுத்துக்கு 31 பக்கம், முன்னும் பின்னும் சேர்த்து 36. நடுவில் பின் அடிக்கும் புத்தகத்தில் பக்கம் நான்கின் மடங்காக இருக்க வேண்டும் என்பதால் அந்தக் கணக்கு. தடிமனான தாள், முனைகள் வட்டமாக வெட்டியவை, மேலட்டைக்கு லேமினேஷன். அச்சகத்திலிருந்து புரூஃப் வந்த அன்று நான் வண்ணங்களைத்தான் பார்த்தேன், உப்பளத்து வானம் சரியாக வந்திருக்கிறதா என்று. அக்கா புரட்டிக்கொண்டே வந்து "புள்ளி எங்க?" என்றார். குன்றிமணிகள் படத்தின் பகுதி என்று நினைத்து, பக்கத்தை அமைத்தவர் அவற்றைப் படத்தோடு சேர்த்துச் சற்றே நகர்த்தியிருக்கிறார். கொக்கின் காலடியில் ஒரு மணி, பூச்சியின் முதுகில் ஒரு மணி. எழுத்துகளோ க, ச, ட என்று மொட்டையாக நிற்கின்றன. பதினெட்டு பக்கமும் அப்படியே. நான் பார்த்து "சரி" என்று கையெழுத்துப் போட்டிருந்தால் 300 பிரதியும் போயிருக்கும். எழுத்துப் புத்தகத்தின் புரூஃபை எழுத்துக் கற்றுக்கொடுப்பவர்தான் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கு எழுதி வைத்துக்கொண்டேன்.

புத்தகம் 2023 செப்டம்பரில் வந்தது. ஒவ்வொரு குழந்தையும் ஒன்று வீட்டுக்குக் கொண்டுபோனது. இதனால் எத்தனை பேர் எத்தனை எழுத்துக் கற்றார்கள் என்று அளந்து சொல்லும்படி நாங்கள் எதுவும் செய்யவில்லை, அந்த வேலைக்கு வேறு ஆட்கள் வேண்டும். பார்த்ததை மட்டும் சொல்கிறேன். டப்பா விளையாட்டை மறுபடி நடத்தியபோது இட்லி தயக்கமில்லாமல் இனா டப்பாவுக்குப் போனது. ஒரு சிறுவன் அம்மாவோடு பஸ்ஸுக்கு நின்றபோது, வந்த பஸ்ஸின் போர்டைக் காட்டி "பல்லி இருக்கு, பல்லி இருக்கு" என்று கத்தியிருக்கிறான். அம்மா பயந்து தள்ளி நின்றிருக்கிறார். போர்டில் சாயல்குடி என்று எழுதியிருந்தது. நடுவில் இருந்த ல்-ஐத்தான் அவன் கண்டுபிடித்திருக்கிறான்.

தோற்ற இடங்களும் உண்டு. ர்-க்கு தர்பூசணி போட்டோம், வெட்டிய துண்டைப் பார்த்து எல்லாரும் "பழம்" என்றுதான் சொல்கிறார்கள். ழ்-க்கு யாழ் போட்டேன், எந்தக் குழந்தையும் யாழைப் பார்த்ததில்லை, வரைய அழகாக இருக்கும் என்ற என் ஆசைதான் அங்கே வென்றது. தவிரவும் இந்தப் பக்கத்துப் பேச்சில் ழகரமே ளகரமாகத்தான் வரும், மழை மளைதான், பழம் பளம்தான். அதைப் படத்தால் பிரித்துக் காட்ட முடியாது, யாராவது ஒருவர் நாக்கை வளைத்துச் சொல்லிக் கேட்டால்தான் உண்டு. அடுத்த பதிப்பில் யாழை எடுத்துவிட்டு, நாக்கை மேலே மடித்துக் காட்டும் ஒரு பையனின் முகத்தை வரைய எண்ணியிருக்கிறேன்.

ற்-க்கு மட்டும் இன்னும் ஒன்றும் அகப்படவில்லை. காற்று என்று போட்டு, பனை ஓலைக் காற்றாடியோடு ஓடும் சிறுமியை வரைந்திருக்கிறோம். படம் எல்லாருக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் சொல்வது காத்து. நாற்று என்றால் நாத்து, கற்கண்டு என்றால் கக்கண்டு. இலையை எ டப்பாவில் போட்ட சிறுமி, இப்போது ஒன்றாம் வகுப்பு, போன மாதம் அங்கன்வாடிக்கு வந்து தம்பிக்கு இந்தப் புத்தகத்தை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். ற் பக்கம் வந்ததும் நின்றாள். எழுத்து எழுத்தாக விரல் வைத்து "காற்... று" என்று படித்தாள். படத்தைப் பார்த்தாள். "டீச்சர், இது காத்துதான? தப்பா எழுதிருக்கு" என்றாள். அக்கா என்னைப் பார்த்தார்.

நோட்டில் ற்-க்கு எதிரே உள்ள இடம் இன்னும் காலியாக இருக்கிறது. பேச்சிலும் ற் கேட்கிற ஒரு சொல் உங்கள் ஊரில் இருந்தால், இரண்டாம் பதிப்புக்கு முன்னால் எனக்குச் சொல்லுங்கள்.